எதுகை சொன்ன பலன்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னர்ப் பேசிய பெருமக்கள் கம்பரை ஒருவரும் வள்ளுவரை ஒருவரும் பாரதியை ஒருவருமாகப் பங்கிட்டுக்கொண்டுவிட்டார்கள். எனக்கு எஞ்சியது வானம் ஒன்றுதான். ஆகவே இராசிகளையும் அவற்றுக்குச் சொல்லப்படும் குணங்களையும் பற்றிச் சிறிது நேரம் பேசலாம் என்று நினைக்கிறேன். இலக்கிய வட்டத்தில் இதற்கென்ன வேலை என்று முன்வரிசையில் இரண்டொருவர் புருவம் நெரிப்பது தெரிகிறது. இராசிச் சக்கரமும் ஒரு வட்டந்தானே! வானத்தில் வட்டமாக இருந்ததை நம் முன்னோர் ஓலையில் சதுரக் கட்டமாக வரைந்தார்கள். நாமோ சதுரமான ஒரு கூடத்தில் கூடி நம்மை வட்டம் என்று அழைத்துக்கொள்கிறோம். கணக்கு நேராகிவிட்டது.

இந்தப் பன்னிரண்டும் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். விண்மீன்களுக்கிடையே ஓராண்டில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வருவதுபோல் கதிரவன் நமக்குத் தோன்றுகிறான். அந்தப் பாதையின் 360 பாகைகளை முப்பது முப்பதாகப் பன்னிரண்டு பங்கிட்டவர்கள் பாபிலோனியர்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டளவில் அந்தப் பங்கீடு நிலைபெற்றுவிட்டது. அவர்களிடமிருந்து கிரேக்கர் பெற்றார்கள். கிரேக்கரிடமிருந்து நம் நாட்டுக்கு வந்தது. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகத் ஜாதகத்தில் கிரியம், தாவுரி, லேயம், கௌர்ப்பியம் என்றும் இராசிகளுக்குப் பெயர் சொல்கிறார். கிரியோஸ், டவ்ரோஸ், லியோன், ஸ்கார்ப்பியோஸ் என்னும் கிரேக்கச் சொற்கள்தாம் அப்படித் திரிந்து வந்திருக்கின்றன. இருபத்தேழு நட்சத்திரங்களோ அதற்கு முன்பிருந்தே இந்த மண்ணில் வழங்கியவை. வந்தவரும் இருந்தவரும் சம்பந்தம் செய்துகொண்டார்கள். நட்சத்திரத்துக்கு நான்கு பாதம், ஆக 108 பாதம், இராசிக்கு ஒன்பது பாதம் என்று கணக்கும் மீதியில்லாமல் முடிந்தது. நம் ஜாதகம் பொருத்தம் பார்க்கப் பயன்படுகிறதே, அந்த ஜாதகமே ஒரு கலப்பு மணத்தில் பிறந்த குழந்தை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் இலக்கியத்தில் இராசிக்கு நெடுநாளைய இடம் உண்டு. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவி படுத்திருக்கும் கட்டிலின் மேல்விதானத்தில், ஆட்டை முதலாகக் கொண்ட இராசிகளின் வழியே கதிரவன் செல்வதும், திங்களைப் பிரியாத உரோகிணியும் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. அரசி அதைப் பார்க்கிறாள். கணவன் போர்ப் பாசறையில் இருக்கிறான். நாளைக்கு என்ன பலன் என்று அவள் கேட்கவில்லை. உரோகிணியின் நல்வாழ்வை எண்ணிப் பெருமூச்சு விடுகிறாள், அவ்வளவுதான். தொல்காப்பியத்தில் வரும் ‘ஓரை’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். அது கிரேக்க மொழியின் ‘ஹோரா’வா, அன்றா என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாகச் சண்டையிட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. சங்க நூல்களில் ஓரை என்றால் மகளிர் விளையாட்டு என்ற பொருளும் உண்டு என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். சோதிடத்தையும் விளையாட்டையும் ஒரே சொல் சுமந்து நிற்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆகையால் நாமும் சற்று விளையாடலாம். நம் மாதக் கூட்டம் ஒன்றுக்குப் பன்னிரண்டு இராசிக்காரர்களும் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நான் சொல்லப்போவது எவரையும் குறிப்பதன்று. யாருக்காவது தம்மைப் போலவே தோன்றினால் அதற்குக் கிரகங்களே பொறுப்பு.

முதலில் மேஷம். தூய தமிழில் மேடம் என்று எழுதலாம். எழுதினால் யாரோ பெண் அதிகாரி வந்திருக்கிறார் என்று எழுந்து நிற்கிறார்கள். ஆகவே மேஷம் என்றே இருக்கட்டும். செவ்வாயின் வீடு. பேச்சாளர் “முதலாவதாக” என்று தொடங்கும்போதே இவர் மறுப்புரைக்கு எழுந்துவிடுவார். ரிஷபம் சுக்கிரனின் வீடு, நிலையான இராசி. வந்தவுடன் மின்விசிறிக்குக் கீழே ஓர் இடம் பிடிப்பார். பிறகு நிலநடுக்கம் வந்தாலும் அசையமாட்டார். சுண்டலில் தேங்காய் குறைந்தால் அன்றைய சொற்பொழிவே சாரமில்லை என்பார்.

மிதுனத்துக்கு வராகமிகிரர் சொல்லும் உருவம் வீணையும் கதையும் ஏந்திய ஓர் ஆண், பெண் இணை. கதை என்றால் கதாயுதம். ஆனால் நம் வட்டத்தில் பாட்டும் கதையும் என்றே பொருள் கொள்ள வேண்டும். மரபுக் கவிதைதான் கவிதை என்று ஆறு மணிக்கும், புதுக்கவிதைதான் கவிதை என்று ஏழு மணிக்கும் இவர் பேசுவார். இரண்டையும் உள்ளன்போடு பேசுவார். கடகம் சந்திரனின் வீடு. கைம்முறுக்குச் செய்து எடுத்துவருபவர் இவர்தாம். கவியரங்கில் முதலில் கண் கலங்குபவரும் இவர்தாம். எட்டு ஆண்டுகளுக்கு முன் அழைப்பிதழில் தம் பெயர் விடுபட்டதை இன்னும் நினைவில் வைத்திருப்பவரும் இவரே.

சிம்மம் சூரியனின் வீடு. இவர் எங்கே அமர்ந்தாலும் அது மேடையாகிவிடும். பொன்னாடை இவர் தோளுக்கென்றே நெய்யப்படுவது. கன்னி புதனுக்குரியது. இந்த மலரின் அச்சுப்படியை மூன்று முறை திருத்தியவர் கட்டாயம் கன்னி இராசிக்காரராகத்தான் இருப்பார். காதல் கடிதம் வந்தாலும் ஒற்று மிகுமா மிகாதா என்றுதான் முதலில் பார்ப்பார். துலாம் தராசு. கவிதைப் போட்டிக்கு இவரை நடுவராக வைத்தால் முதற்பரிசு இருவருக்கு, இரண்டாம் பரிசு மூவருக்கு, மற்றவர்களுக்கெல்லாம் ஆறுதல் பரிசு.

விருச்சிகத்துக்கு வாலில் நஞ்சு என்பார்கள். நூல் மதிப்புரையை இவரிடம் கொடுத்துப் பாருங்கள். நடை இனிது, அச்சு அழகு, அட்டை வனப்பு என்று பாராட்டிக்கொண்டே வந்து, கடைசி வரியில் ஆசிரியரை ஒரு வாரம் படுக்க வைத்துவிடுவார். தனுசு குருவின் வீடு, வில்லேந்திய இராசி. அறிவுரை அம்புகளைத் தொடுத்துக்கொண்டே இருப்பார். குறி தப்பினாலும் அம்பறாத்தூணி காலியாவதில்லை. ஐந்து நிமிடம் கொடுத்தால் ஐம்பது நிமிடம் பேசும் இந்தப் பெருமகனாரை நாம் அனைவரும் அறிவோம்.

மகரம் சனியின் வீடு. வட்டத்தின் பொருளாளர். மழையானாலும் வெயிலானாலும் சந்தாப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வாசலில் நிற்பார். பத்தாண்டுகளில் நமக்குக் கவிதை குறைந்திருக்கலாம். கணக்கு குறையாததற்குக் காரணம் இவரே. கும்பமும் சனியின் வீடுதான். குடம் நிறையத் திட்டம் வைத்திருப்பார். புதிய சிற்றிதழ், புதிய பதிப்பகம், புதிய எழுத்துச் சீர்திருத்தம் என்று ஆளுக்கொரு குவளை ஊற்றிக்கொண்டே வருவார். கடைசியாக மீனம்: ஒன்றன் வாலை ஒன்று நோக்கும் இரண்டு மீன்கள். இவர்தாம் கவிஞர். இந்தக் கூட்டத்துக்கு வருவதாக எண்ணிக்கொண்டு பக்கத்து மண்டபத்துத் திருமணத்தில் அமர்ந்து, மொய் எழுதி, உண்டு முடித்து, நன்றியுரையின்போது இங்கே வந்து சேர்வார். ஆனால் நல்ல கவிதை ஒன்றும் அவர் சட்டைப்பையில் இருக்கும்.

நீங்கள் சிரித்ததைப் பார்த்தேன். ஒவ்வொருவரும் தத்தம் இராசி வந்தபோது தலையசைத்ததையும் பார்த்தேன். இந்தத் தலையசைப்பைப் பற்றி ஓர் ஆய்வே நடந்திருக்கிறது. 1948-இல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவர் கையிலும் ‘உன் குணநலன்’ என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அதன் பின்னர்தான் எல்லாத் தாளிலும் ஒரே வாசகம் இருந்ததை வெளியிட்டார். அந்த வாசகத்தைப் பெரும்பாலும் கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்தே அவர் எடுத்திருந்தார்.

பிரான்சில் மிஷேல் கோக்லன் என்ற ஆய்வாளர் 1960-களின் இறுதியில் இன்னும் குறும்பாக ஒன்று செய்தார். இலவசமாக ஜாதக பலன் அனுப்புவதாக விளம்பரம் கொடுத்து, கேட்டவர்கள் அனைவருக்கும் ஒரே பலனை அனுப்பினார். பத்தில் ஒன்பது பேருக்குக் குறையாமல் தமக்கு மிகப் பொருந்துவதாக எழுதினார்கள். அந்தப் பலன் யாருடைய பிறந்த நேரத்துக்குக் கணித்தது தெரியுமா? பல கொலைகள் செய்து 1946-இல் தலை வெட்டப்பட்ட மார்செல் பெட்டியோ என்ற மருத்துவருடையது. 1985-இல் ஷான் கார்ல்சன் என்பவர் ‘நேச்சர்’ இதழில் மற்றோர் ஆய்வை வெளியிட்டார். அதில் தேர்ந்த சோதிடர்களிடம் ஒரு ஜாதகத்தையும் மூவருடைய குணக்குறிப்புகளையும் கொடுத்து உரியதை எடுக்கச் சொன்னபோது, மூன்றில் ஒரு முறையே சரியாக வந்தது. திருவுளச்சீட்டுப் போட்டாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வந்திருக்கும்.

போகட்டும். நம்முடைய இராசி எது என்பதிலாவது உறுதி உண்டா? மே மாதம் முதல் தேதி பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில இதழைப் பிரித்தால் அவர் ரிஷபம். நம் பஞ்சாங்கத்தைப் பிரித்தால் அது சித்திரை மாதம். சூரியன் மேஷத்தில் நிற்கிறான். நாம் இராசி என்று சொல்வதோ சந்திரன் நிற்கும் வீட்டை. அவன் இரண்டேகால் நாளுக்கு ஒரு வீடு மாறுபவன், அன்று கும்பத்தில் இருந்தாலும் இருக்கலாம். இலக்கினம் என்று ஒன்று ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை மாறுகிறது. ஆக, ஒரே மனிதர் சுண்டலுக்காக அசையாமல் இருக்க வேண்டும், மறுப்புரைக்கு எழுந்தும் நிற்க வேண்டும், புதிய சிற்றிதழும் தொடங்க வேண்டும். மேற்கத்தியர் கணக்குக்கும் நம் கணக்குக்கும் இன்று சுமார் 24 பாகை இடைவெளி இருக்கிறது. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலைசுற்றுவதால் 72 ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் சேர்ந்த வேறுபாடு அது. அவர்கள் வசந்த காலத் தொடக்கத்திலிருந்து எண்ணுகிறார்கள். நாம் விண்மீனிலிருந்து எண்ணுகிறோம்.

இதழ்களில் வரும் இராசிபலனும் அவ்வளவு பழையதன்று. 1930 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தில் இளவரசி மார்கரெட் பிறந்தபோது, லண்டன் ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ இதழ் ஆர்.எச். நெய்லர் என்பவரைக் கொண்டு குழந்தையின் பலனை எழுத வைத்தது. வாசகர் வரவேற்பைக் கண்டு அதைத் தொடர் பகுதியாக்கினார்கள். காலப்போக்கில் இராசிக்கு ஒரு பத்தியாகப் பன்னிரண்டு பத்திகள் என்ற வடிவம் ஏற்பட்டது. 2022-இல் உலக மக்கள்தொகை எண்ணூறு கோடியை எட்டியது. பன்னிரண்டால் வகுத்தால் இராசிக்கு 66 கோடிப் பேர். ‘இன்று எதிர்பாராத பணவரவு’ என்று ஒரு வரி எழுதினால் 66 கோடி வீடுகளில் வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் இராசி பார்ப்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. மாமியாரும் மருமகளும் மனம் கசந்திருக்கும் வீட்டில், “அவ விருச்சிக ராசி, அப்படித்தான் சுருக்குனு பேசுவா, மனசுல ஒண்ணும் இருக்காது” என்று ஒரு பாட்டி சொல்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தால் அன்றைய சண்டை ஆறிப்போகிறது. அங்கே பாட்டி வானநூல் பேசவில்லை. பிறர் குறையைப் பொறுப்பதற்கு ஒரு சாக்குக் கண்டுபிடிக்கிறாள். குற்றத்தை மருமகள் தலையிலிருந்து எடுத்துத் தேளின் தலையில் வைக்கிறாள். பன்னிரண்டு குணச்சித்திரங்களும் பன்னிரண்டு சிறுகதைகள் என்று வைத்துக்கொண்டால் அவற்றைப் படைத்தவர்கள் நல்ல எழுத்தாளர்கள். மனிதர்கள் பல வகையினர், எல்லாரும் நம்மைப் போல் இருக்கமாட்டார்கள் என்பதை எளிய மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த இலக்கியம் அது. விளையாட்டாக இருக்கும்வரை அதனால் நன்மையே.

விளையாட்டு தீர்ப்பாக மாறும் இடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் உங்களைச் சிரிக்க வைத்தேன்.

நம் ஊர்ப் பழமொழிகளைக் கொஞ்சம் காதால் கேளுங்கள். பரணியில் பிறந்தவன் தரணி ஆள்வான். மகத்தில் பிறந்தவன் ஜகத்தை ஆள்வான். கேட்டையில் பிறந்தவன் கோட்டை கட்டி ஆள்வான். அவிட்டத்தில் பிறந்தவனுக்குத் தவிட்டுப் பானையெல்லாம் பொன். பரணிக்குத் தரணி, மகத்துக்கு ஜகம், கேட்டைக்குக் கோட்டை, அவிட்டத்துக்குத் தவிடு. யாப்பிலக்கணம் படித்த இந்த அவைக்கு இது என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. இது எதுகை. பரணிக்குத் தரணியைக் கொடுத்தது சுக்கிரனும் அன்று, செவ்வாயும் அன்று. இரண்டாம் எழுத்தாகிய ரகரம். சித்திரை நட்சத்திரக்காரனுக்குத் தரணி கிடைக்காமற் போனதற்கு அவன் செய்த பாவம் ஒன்றுமில்லை, எதுகை பொருந்தவில்லை.

இதுவரை சிரிக்கலாம். இன்னும் இரண்டு பழமொழிகள் உள்ளன. ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம். பூராடத்தில் பிறந்தவளுக்குக் கழுத்தில் நூலாடாது. மூலத்துக்கு நிர்மூலம், பூராடத்துக்கு நூலாடாது. மூலமும் பூராடமும் அடுத்தடுத்த நட்சத்திரங்கள். இரண்டும் முழுமையாகத் தனுசு இராசியில் அடங்கியவை. உத்திராடத்தின் முதற் பாதம் ஒன்றுதான் மீதி. ஆகத் தனுசின் ஒன்பது பாதங்களில் எட்டு, பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு ஆகாதவை. அதே தனுசைப் பற்றி இராசி பலன் நூல்களைப் புரட்டிப் பாருங்கள்: குருவின் வீடு, தரும சிந்தனை உடையவர், ஈகைக் குணத்தவர், கல்வியாளர் என்று புகழ்ந்து தள்ளியிருக்கும். வானத்தின் ஒரே துண்டு நிலத்துக்குச் சோதிட நூல் ஒரு பட்டா கொடுக்கிறது, பழமொழி வேறொரு பட்டா கொடுக்கிறது. பெண் பார்க்க வருபவர்கள் பழமொழியின் பட்டாவைத்தான் செல்லுபடியாகும் என்கிறார்கள். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, மூலம் மாமனாருக்கு ஆகாது, கேட்டை கணவனின் தமையனுக்கு ஆகாது, விசாகம் அவன் தம்பிக்கு ஆகாது என்று வேறு ஒரு பட்டியலும் உண்டு. ஆணுக்குக் கோட்டை கட்டிக் கொடுத்த அதே கேட்டைதான், பெண்ணுக்கு வரும்போது வீட்டை இடிக்கிறது. பூராடத்தையும் சேர்த்தால் இருபத்தேழில் ஐந்து நட்சத்திரங்கள். ஏறத்தாழ ஐந்து பெண்களில் ஒருத்தி, பிறந்த அன்றே எவரோ ஓர் உறவினருக்கு ஆகாதவள் ஆகிவிடுகிறாள்.

எனக்குத் தெரிந்த தமிழாசிரியை ஒருவர் மூல நட்சத்திரத்தில் பிறந்தவர். அவருடைய ஜாதகம் போன வேகத்திலேயே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் திரும்பி வரும். வேண்டாம் என்பதற்குக் காரணம் எழுதமாட்டார்கள். ‘பொருந்தவில்லை’ என்று ஒரு சொல் மட்டும் இருக்கும். கல்யாணத் தரகர் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொன்னார். பிறந்த நாழிகையைச் சற்றுத் தள்ளிப் போட்டுப் பூராடமாக எழுதிவிடலாம் என்றார். அதற்கும் ஒரு பழமொழி காத்திருப்பது பிறகுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. இன்னும் ஒரு நாள் தள்ளி உத்திராடம் ஆக்கிவிடலாம் என்றார். பெற்றோர் அரைமனத்தோடு இசைந்தார்கள். மகள் இசையவில்லை. “நான் பிறந்த நாளையே பொய்யாக்கிவிட்டு ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது?” என்று கேட்டார். மணம் செய்துகொள்ளாமலே அவர் பணி ஓய்வு பெற்றார். ஒன்பதாம் வகுப்பில் தொடை நயம் நடத்தும்போது, எடுத்துக்காட்டாக இந்த மூலம், நிர்மூலம் பழமொழியைத்தான் அவர் கரும்பலகையில் எழுதுவார் என்று அவரிடம் படித்தவர் ஒருவர் எனக்குச் சொன்னார். எழுதிவிட்டு, “ஓசைக்காகச் சொன்னது, பொருளுக்காக அன்று” என்று ஒரு வரி சொல்லிவிட்டு அழித்துவிடுவாராம். இன்றைய என் உரைக்கு மூலம் அந்த ஒரு வரிதான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பழமொழியின் சரியான வடிவம் ‘ஆனி மூலம் அரசாளும், பின்மூலம் நிர்மூலம்’ என்றும், அது நட்சத்திரத்தின் பிற்பாதியைப் பற்றியது என்றும், நிர்மூலம் ஆவது பகைவர்தாம் என்றும் சோதிடர்களுள்ளேயே சிலர் சொல்கிறார்கள். ஆனி ஆணாகி, பின் பெண்ணாகியதாம். சுவடியில் ஏற்படும் பாடபேதத்தால் புலவர்கள் சண்டையிடுவார்கள்; அதனால் எவருடைய கழுத்தும் வெறுங்கழுத்தாகப் போனதில்லை. இங்கே ஒரு பாடபேதம் பல பெண்களின் இளமையைத் தின்றிருக்கிறது. எந்தப் பாடம் சரி என்பது இப்போது எனக்கு முக்கியமன்று. எழுத்து மாறினால் விதி மாறும் என்றால், அது கிரகத்தின் விதி அன்று, எழுத்தின் விதி என்பதுதான் எனக்கு முக்கியம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் அன்று. நமக்குப் பிரபவ முதல் அறுபது ஆண்டுச் சுழற்சி இருப்பதுபோல் ஜப்பானியர்க்கும் பன்னிரண்டு விலங்குகளையும் ஐந்து பூதங்களையும் கொண்ட அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு. அதில் நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண், கணவனை அழிப்பாள் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படிப்பட்ட ஆண்டு 1966-இல் வந்தது. நம் கணக்கில் பராபவ ஆண்டு. 1965-இல் அந்நாட்டில் 18 இலட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. 1966-இல் அது ஏறத்தாழ 13 இலட்சத்து 60 ஆயிரமாகக் குறைந்தது. 1967-இல் 19 இலட்சத்தைத் தாண்டியது. போர் இல்லை, பஞ்சம் இல்லை, கொள்ளைநோய் இல்லை. அதிவேக ரயில் ஓடத் தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆன நாடு அது. ஒரு குதிரை, நாலரை இலட்சம் தொட்டில்களைக் காலியாக்கிவிட்டது. அடுத்த நெருப்புக் குதிரை ஆண்டு 2026. அறிவியல் வளர்ந்தால் இவையெல்லாம் தாமாகவே போய்விடும் என்று நாம் காத்திருக்க முடியாது என்பதற்காக இதைச் சொன்னேன்.

அப்படியானால் என்ன செய்வது? நம் இலக்கியத்திலேயே வழி இருக்கிறது. சேரன் அவையில் நிமித்திகன் ஒருவன், அரியணை ஏறும் இலக்கணம் இளையவனுக்கே உண்டு என்று சொன்னதாகச் சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதை கூறுகிறது. அண்ணன் செங்குட்டுவனின் மனம் துன்புறாதிருக்க, இளங்கோ அந்தக் கணமே துறவு பூண்டார். சோதிடத்தைப் பொய்யாக்குவதற்காக ஒருவர் அரசையே துறந்தார். தமிழுக்கு ஒரு காப்பியம் கிடைத்தது. கணியன் என்றால் நாளும் கோளும் கணிப்பவன். அந்தப் பெயரைத் தாங்கிய பூங்குன்றனார்தாம் நன்மைக்கும் தீமைக்கும் பிறரைக் காரணம் காட்ட இடமில்லை என்ற கருத்தை உலகுக்குச் சொன்னார். பாரதியார் தம் புதிய ஆத்திசூடியில் சோதிடத்தை இகழச் சொன்னவர். அதே ஆத்திசூடியில் வானநூலைப் பயிலவும் சொன்னவர். வானத்தைப் பார்ப்பதை இவர்கள் எவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நம்மைப் போன்ற இலக்கிய அமைப்புகளுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன். இந்தத் தீங்கைச் செய்தது ஓசை. ஓசையின் மயக்கத்தை அறிந்தவர்கள் நாம். எதுகை அழகாக அமைந்துவிட்டால் பொருளைச் சரிபார்க்காமல் கைதட்டுவது நம் கவியரங்குகளிலும் நடப்பதுதான். கரும்பலகையில் அந்த ஆசிரியை செய்ததை நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டுக் கூடத்தில் செய்யலாம். பெண் பார்க்கும் பேச்சில் யாராவது அந்தப் பழமொழியை எடுத்தால், “எதுகை நன்றாக இருக்கிறது, பெண்ணும் நன்றாக இருக்கிறாள், மேலே பேசுங்கள்” என்று சொல்லலாம். பழமொழிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் இரண்டு புதியன செய்து வைத்திருக்கிறேன்: பெண் மூலம் ஞாலம் காக்கும், பூராடம் சீராட்டும். தொடை பிழையில்லை, கன்னி இராசிக்காரர் சரிபார்த்துக்கொள்ளலாம். செய்வதற்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. பழைய பழமொழியைச் செய்தவருக்கும் அதற்கு மேல் ஆகியிருக்காது.

நிறைவாக ஒரு சொல்லாராய்ச்சி. ராசி என்ற சொல் தமிழில் இரண்டு வழியாக வந்திருக்கிறது. ஒன்று வடமொழி வழியாக வந்தது. அதற்குக் குவியல் என்று பொருள். விண்மீன் குவியல்தான் மேஷமும் மீனமும். மற்றொன்று உருது வழியாக வந்தது. அதற்கு இணக்கம் என்று பொருள். நேற்றுவரை பேசாதிருந்த இரண்டு பேர் இன்று ஒரே இலையில் பங்கு போட்டு உண்டால், “ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க” என்கிறோமே, அந்த ராசி. முதல் ராசி நாம் பிறக்கும்போது நம்மைக் கேளாமலே வந்துவிடுகிறது. இரண்டாவது ராசியை நாம்தான் முயன்று தேடிக்கொள்ள வேண்டும். மரபும் புதுமையும், சிம்மமும் மேஷமும், கணக்குக் கேட்பவரும் கணக்குக் காட்டுபவரும் பத்தாண்டுகளாக இங்கே ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருப்பதற்கு இந்த இரண்டாவது ராசிதான் காரணம். வீட்டில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பொருத்தம் பார்க்கும்போதும் அந்த ராசியைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, தனுசு இராசிக்காரர் என்ற பெயர் எனக்கு வந்துவிடுவதற்கு முன்னால் விடைபெறுகிறேன். வாழ்க தமிழ். வளர்க நம் வட்டம்.